மார்கோ மாட்டராஸி: ஒரு தடுப்பாட்டக்காரரின் மதிப்பீடு

மார்கோ மாட்டராஸி (பிறப்பு: ஆகஸ்ட் 19, 1973) இத்தாலியைச் சேர்ந்த கால்பந்துத் தடுப்பாட்டக்காரர், பயிற்சியாளர். இன்டர் மிலான் கழகத்திலும் இத்தாலி தேசிய அணியிலும் ஆடியவர். 2006-ஆம் ஆண்டு உலகக் கோப்பையை வென்ற இத்தாலி அணியில் இருந்தவர். ஓய்வுக்காலத்தில் சென்னைக்கு வந்து, 2014 முதல் 2016 வரை மூன்று பருவங்கள் சென்னையின் எஃப்சி அணிக்குப் பயிற்சி அளித்தார். அவரது பயிற்சியில் அந்த அணி 2015-ல் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றது.

மதிப்பீட்டில் உள்ள சிக்கல்

மாட்டராஸியின் பெயரைச் சொன்னதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது ஒரே காட்சிதான். 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரான்ஸ் தலைவர் ஜினடின் ஜிடேன் அவர் மார்பில் தலையால் முட்டிய காட்சி அது. இன்று கைப்பேசியில் அந்தச் சில நொடிகளைப் பார்க்கும் மாணவர் ஒருவர் மாட்டராஸி எப்படி ஆடுவார் என்பதை அறிய வழியில்லை. அடி வாங்கி விழுந்தவர் என்றோ, கெட்ட வார்த்தை பேசி எதிரியை வெளியேற்றியவர் என்றோதான் அறிகிறார்.

அவர் கால்பந்து ஆடிய காலம் ஏறக்குறைய இருபது ஆண்டு. இத்தாலியின் கீழ்நிலை லீக்குகளில் தொடங்கி உலகக் கோப்பை வரை சென்றவர். அந்த நீண்ட உழைப்பைச் சில நொடிகளைக் கொண்டு அளப்பது நியாயமாகாது. அதே சமயம் அந்த நொடிகளை அறவே ஒதுக்கிவிட்டு அவரைப் புகழ்வதும் சரியான மதிப்பீடு ஆகாது. அவருடைய வலிமையும் குறையும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆட்டக்காரர் தெரிவார்.

இத்தாலியத் தடுப்பாட்ட மரபு

கால்பந்தில் தடுப்பாட்டக்காரரின் வேலை கபடியில் பிடிப்பவரின் வேலையைப் போன்றது. பாடி வருபவர் எங்கே திரும்புவார் என்று முன்கூட்டியே கணித்து நிற்க வேண்டும். அவசரப்பட்டு முன்னே பாய்ந்தால் பாடி வந்தவர் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். தாமதித்தாலும் அதே கதிதான். பத்து முறை சரியாகப் பிடித்தவரைவிட ஒரு முறை நழுவவிட்டவரைத்தான் ஊர் பேசும். கால்பந்திலும் கோல் அடித்தவருக்குக் கிடைக்கும் பெயர் கோலைத் தடுத்தவருக்குக் கிடைப்பதில்லை.

இந்தப் பொது விதிக்கு விலக்கான நாடு இத்தாலி. தடுப்பாட்டத்தை ஒரு தனிக் கலையாக அங்கே மதித்தார்கள். 1960-களில் எலேனியோ எர்ரேரா பயிற்சியளித்த இன்டர் மிலான் அணி 'கத்தெனாச்சியோ' என்ற ஆட்ட முறையால் புகழ்பெற்றது. கதவின் தாழ்ப்பாளைக் குறிக்கும் இத்தாலியச் சொல் அது. பின்வந்த தலைமுறைகளில் ஃபிராங்கோ பரேசி, பாவ்லோ மால்தீனி, அலெசாண்ட்ரோ நெஸ்டா, ஃபேபியோ கன்னவாரோ ஆகியோர் இந்தக் கலையின் முதல் வரிசையில் இருந்தார்கள். 2006-ல் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து விருதை ஒரு தடுப்பாட்டக்காரரான கன்னவாரோ பெற்றார்.

இவர்களுடைய ஆட்டத்தில் பொதுவாகக் காணப்படும் பண்பு நிதானம். பந்து வரும் வழியில் முன்னதாகவே நின்றுவிடுவார்கள். சறுக்கி விழுந்து பறிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு அதிகம் நேர்வதில்லை. மாட்டராஸி இந்த வகையைச் சேர்ந்தவர் அல்லர். ஆறடியைத் தாண்டிய உயரமும் உடல் வலுவும் கொண்டு மோதி ஆடுபவர். இடது காலால் வலுவாக உதைப்பார். உயரப் பந்துகளில் தலையால் முட்டுவதில் அவரை வெல்வது கடினம். வேகத்தில் குறைந்தவர். கோபத்தில் மிகுந்தவர். ஆகவே இத்தாலியத் தடுப்பாட்ட மரபில் அவருக்கு முதல் வரிசையில் இடம் இல்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு மேலே செல்வது நல்லது.

தொடக்க காலம்

மாட்டராஸி தெற்கு இத்தாலியில் உள்ள லெச்சே நகரில் பிறந்தார். தந்தை ஜுசெப்பே மாட்டராஸி கால்பந்து ஆட்டக்காரர், பிற்காலத்தில் லாட்சியோ உள்ளிட்ட கழகங்களின் பயிற்சியாளர். தந்தை பெயர் பெற்றவராக இருந்தும் மகனுக்குப் பெரிய கழகங்களின் கதவு எளிதில் திறக்கவில்லை. சிசிலித் தீவில் உள்ள மார்சாலா, திராபானி போன்ற சிறிய கழகங்களில் ஆடினார். 1995-ல் பெருஜியா கழகத்தில் சேர்ந்தார். இடையில் கார்பி என்ற சிறிய கழகத்துக்கு அனுப்பப்பட்டார்.

1998-99 பருவத்தில் இங்கிலாந்தின் எவர்டன் கழகத்துக்காக ஆடினார். அங்கே சிவப்பு அட்டை பெற்று வெளியேறியது ஒரு முறையோடு நிற்கவில்லை. ஒரே பருவத்தில் பெருஜியாவுக்குத் திரும்பினார்.

2000-01 பருவம் அவர் வாழ்க்கையின் திருப்புமுனை. அந்தப் பருவத்தில் இத்தாலியின் முதல்நிலை லீக்கான செரி ஆவில் 12 கோல்கள் அடித்தார். பெனால்டி உதைகளும் இதில் அடங்கும். ஒரு பருவத்தில் தடுப்பாட்டக்காரர் ஒருவர் அடித்த அதிகபட்ச கோல்கள் என்ற பெருமை அதுவரை அர்ஜென்டினாவின் டேனியல் பசரெல்லாவிடம் இருந்தது. 1985-86 பருவத்தில் ஃபியோரென்டினாவுக்காக அவர் அடித்த 11 கோல்களை மாட்டராஸி தாண்டினார். 2001 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகத் தேசிய அணிக்கு முதன்முறையாக ஆடினார். அப்போது அவருக்கு வயது 27. அதே ஆண்டு இன்டர் மிலான் அவரை அழைத்துக்கொண்டது.

நெஸ்டா இருபது வயதிலேயே தேசிய அணிக்குள் வந்தவர். மாட்டராஸி அந்த இடத்துக்கு வர மேலும் ஏழு ஆண்டுகள் ஆயின. அவர் ஆட்டத்தில் தெரியும் ஆவேசத்தின் ஒரு பகுதியை இந்தக் காத்திருப்போடு சேர்த்துப் பார்க்க இடம் உண்டு. தாமதமாகக் கிடைத்ததைப் பறிகொடுக்க விரும்பாதவரின் ஆட்டம் அது.

இன்டர் மிலானில்

இன்டர் மிலானில் அவர் 2001 முதல் 2011 வரை பத்து ஆண்டுகள் இருந்தார். முதல் பருவமே ஏமாற்றத்தில் முடிந்தது. 2002 மே 5 அன்று, பருவத்தின் கடைசி நாளில், பட்டியலில் முதலிடத்தில் இருந்த இன்டர் ரோம் நகரில் லாட்சியோவிடம் 2-4 எனத் தோற்றது. கையில் இருந்த பட்டம் ஜுவெண்டஸ் கழகத்துக்குப் போனது. இன்டர் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது.

2004 பிப்ரவரியில் அவர் வாழ்க்கையின் மோசமான நிகழ்ச்சிகளில் ஒன்று நடந்தது. சியெனா அணியுடனான ஆட்டம் முடிந்தபின், அந்த ஆட்டத்தில் ஆடாத மாட்டராஸி, மைதானத்திலிருந்து உள்ளே செல்லும் வழியில் எதிரணி வீரர் புரூனோ சிரில்லோவைக் குத்தினார். இரண்டு மாதத் தடை விதிக்கப்பட்டது. ஆட்டத்தின் சூட்டில் நடந்தது என்ற சமாதானம்கூட இதற்குப் பொருந்தாது. அவர் குறைகளைப் பேசும்போது இந்த நிகழ்ச்சியைப் பெர்லின் நிகழ்ச்சிக்கு முன்னால் வைக்க வேண்டும்.

2005-ல் அவரைப் பற்றிய முற்றிலும் வேறான ஒரு படம் உலகெங்கும் பரவியது. சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் இன்டரும் ஏசி மிலானும் மோதிய ஆட்டத்தில் ரசிகர்கள் எரியும் தீச்சுடர்களை (ஃபிளேர்) மைதானத்துக்குள் எறிந்தார்கள். ஆட்டம் நின்றது. புகைக்கு நடுவே மாட்டராஸி, எதிரணியின் ரூயி கோஸ்டா தோளில் முழங்கையை ஊன்றி, ஒரு பக்கத்து வீட்டுக்காரரோடு நிற்பதுபோல நின்று வேடிக்கை பார்த்தார். சிரில்லோவைக் குத்திய கையும் ரூயி கோஸ்டாவின் தோளில் இருந்த கையும் ஒருவருடையவைதாம்.

2005-06 முதல் 2009-10 வரை தொடர்ந்து ஐந்து லீக் பட்டங்கள் இன்டருக்குக் கிடைத்தன. அவற்றில் முதலாவது, ஜுவெண்டஸ் தொடர்புடைய நடுவர் நியமன முறைகேட்டு வழக்கின் முடிவால் வந்து சேர்ந்தது. 2007 ஏப்ரல் 22 அன்று சியெனாவுக்கு எதிராக மாட்டராஸி அடித்த இரண்டு கோல்களால் இன்டர் 2-1 என வென்று பட்டத்தை உறுதி செய்தது. அடுத்த ஆண்டு மே மாதம், அதே சியெனாவுக்கு எதிராக, பட்டத்தை முடிவு செய்யக்கூடிய பெனால்டி உதையை அவரே கேட்டு வாங்கி உதைத்துத் தவறவிட்டார். ஆட்டம் 2-2 என முடிந்தது. கடைசி நாளில் பார்மாவை வென்ற பிறகே இன்டருக்குப் பட்டம் கிடைத்தது. ஓராண்டு இடைவெளியில் ஒரே எதிரணியிடம் நடந்த இந்த இரு ஆட்டங்களும் அவரை நன்றாகக் காட்டுகின்றன. பொறுப்பிலிருந்து ஒதுங்க மாட்டார். ஆனால் எல்லாப் பொறுப்பையும் சுமக்கத் தனக்குத் தகுதி உண்டு என்றும் நம்பிவிடுவார்.

2010-ல் ஜோசே மொரின்யோவின் பயிற்சியில் இன்டர் லீக், இத்தாலியக் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்றது. அப்போது மாட்டராஸிக்கு 36 வயது. இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் மாற்று ஆளாக இறங்கினார். வெற்றிக்குப்பின் இன்டரை விட்டுச் செல்லவிருந்த மொரின்யோ, மைதானத்துக்கு வெளியே மாட்டராஸியைக் கட்டிக்கொண்டு அழுதார். பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்த ஓர் ஆட்டக்காரரைப் பிரிய அந்தப் பயிற்சியாளர் அழுதது, ஓர் அணியில் அத்தகையவருக்கு உள்ள இடத்தைச் சொல்கிறது.

நெஸ்டாவின் இடத்தில்

தேசிய அணியில் மாட்டராஸி ஆடிய ஆட்டங்கள் 41. அடித்த கோல்கள் 2. பெரிய போட்டிகளில் அவருடைய பங்கு பெரும்பாலும் மாற்று ஆளின் பங்கு. இந்த மாற்று வேலையை மூன்று முறை ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

முதலாவது 2002 உலகக் கோப்பை. குரோஷியாவுக்கு எதிரான ஆட்டத்தில் நெஸ்டா காயமடைந்து வெளியேற, மாட்டராஸி இறங்கினார். இத்தாலி முதலில் கோல் அடித்தும், அடுத்தடுத்து இரண்டு கோல்கள் வாங்கி 1-2 எனத் தோற்றது. கடைசி நேரத்தில் மாட்டராஸி நெடுந்தூரத்திலிருந்து அனுப்பிய பந்து நேராக வலைக்குள் சென்றது. சக வீரர் எதிரணி வீரரின் சட்டையை இழுத்தார் என்று நடுவர் அந்தக் கோலை மறுத்தார். தடுப்பு குலைந்ததற்கான பழியில் பெரும்பங்கு மாட்டராஸிக்கு வந்தது.

இரண்டாவது 2006 உலகக் கோப்பை. ஜூன் 22 அன்று செக் குடியரசுக்கு எதிரான ஆட்டத்தில் மீண்டும் நெஸ்டாவுக்குக் காயம். 17-ஆவது நிமிடத்தில் மீண்டும் மாட்டராஸி இறங்கினார். நான்கு ஆண்டுக்கு முந்தைய நிலை அப்படியே திரும்பி வந்தது. இம்முறை இறங்கிய ஒன்பது நிமிடத்தில், தோட்டி உதைத்த கார்னர் பந்தைத் தலையால் முட்டிக் கோல் அடித்தார். இத்தாலி 2-0 என வென்றது. அடுத்து ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஸ்பெயின் நாட்டு நடுவர் லூயிஸ் மெதினா கந்தலேஹோவிடம் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். அதனால் உக்ரைனுக்கு எதிரான காலிறுதியில் ஆடவில்லை. ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் திரும்பி வந்தார். போட்டியை நடத்திய நாட்டை அதன் சொந்த மைதானத்தில் 120 நிமிடம் கோல் அடிக்க விடாமல் வைத்திருந்த தடுப்பில் அவரும் ஒருவர்.

மூன்றாவது 2008 ஐரோப்பியக் கோப்பை. இம்முறை காயமடைந்தவர் கன்னவாரோ. முதல் ஆட்டத்தில் நெதர்லாந்திடம் இத்தாலி 0-3 எனத் தோற்றது. தடுப்பின் நடுவில் ஆடிய மாட்டராஸி பாதியில் வெளியே எடுக்கப்பட்டார். அடுத்த ஆட்டத்தில் அந்த இடம் இளையவரான ஜார்ஜோ கியெல்லினிக்குப் போனது.

மூன்று சோதனையில் ஒன்றில்தான் வென்றார் என்று கணக்குச் சொல்லலாம். ஆனால் 2002-ல் பட்ட பழியோடு 2006-ல் அதே இடத்துக்கு அழைக்கப்பட்டபோது அவர் தயங்கவில்லை. மாற்று ஆளாக இருப்பவருக்குப் பயிற்சி உண்டு, ஆட்டம் இல்லை. எந்த நாளில் அழைப்பு வரும் என்று தெரியாமல் ஒவ்வொரு நாளும் ஆயத்தமாக இருக்க வேண்டும். அந்த ஆயத்தமே அவருடைய முதல் தகுதி.

பெர்லின் இறுதி ஆட்டம்

2006 ஜூலை 9 அன்று பெர்லின் ஒலிம்பிக் மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தை மாட்டராஸியை மட்டும் பின்தொடர்ந்து பார்த்தால் வேறோர் ஆட்டம் தெரியும்.

7-ஆவது நிமிடத்தில் பிரான்சின் ஃப்ளோரன் மலூடா இத்தாலியின் தண்டப் பகுதிக்குள் ஓடிவந்தார். மாட்டராஸி குறுக்கே வர, மலூடா விழுந்தார். நடுவர் ஒராசியோ எலிசோந்தோ பெனால்டி கொடுத்தார். ஜிடேன் அதைக் கோலாக்கினார். அந்தப் போட்டி முழுவதிலும் இத்தாலி வாங்கிய கோல்கள் இரண்டே. ஒன்று அமெரிக்காவுக்கு எதிராகத் தன் வீரரே தவறுதலாகத் தன் வலைக்குள் தள்ளியது. மற்றொன்று இந்தப் பெனால்டி. அதற்குக் காரணம் மாட்டராஸி.

12 நிமிடம் கழித்து பிர்லோ கார்னர் உதைத்தார். மாட்டராஸி உயரமான பேட்ரிக் வியெராவுக்கும் மேலே எழும்பி, தலையால் முட்டி ஆட்டத்தைச் சமன் செய்தார். இது அந்தப் போட்டியில் அவருடைய இரண்டாவது கோல். இத்தாலி மொத்தம் அடித்த 12 கோல்களைப் பத்துப் பேர் அடித்தார்கள். இரண்டு கோல் அடித்தவர்கள் இருவர் மட்டுமே. ஒருவர் முன்கள வீரர் லூக்கா தோனி. மற்றவர் மாற்று ஆளாக வந்த தடுப்பாட்டக்காரர் மாட்டராஸி. தேசிய அணிக்காக அவர் வாழ்நாளில் அடித்த இரண்டு கோல்களும் இவைதாம்.

கூடுதல் நேரத்தில், 110-ஆவது நிமிடத்தில், ஜிடேன் அவரைத் தலையால் முட்டினார். பந்து வேறு பக்கம் இருந்ததால் நடுவர் பார்க்கவில்லை. நான்காவது நடுவர் பார்த்துச் சொன்னார். அவர் வேறு யாருமல்லர், இரண்டு வாரத்துக்கு முன் மாட்டராஸிக்குச் சிவப்பு அட்டை காட்டிய மெதினா கந்தலேஹோ. ஜிடேனின் கடைசி ஆட்டம் சிவப்பு அட்டையோடு முடிந்தது.

பிறகு பெனால்டி ஷூட்-அவுட். இத்தாலிக்காக இரண்டாவதாக உதைத்தவர் மாட்டராஸி. தவறவிடவில்லை. பிரான்சின் டேவிட் திரெசெகே உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இத்தாலி 5-3 என வென்றது. கோப்பைக்கான ஆட்டத்தில் அணியைப் பின்தங்க வைத்தவரும் அவர், மீட்டவரும் அவர், ஷூட்-அவுட்டில் பங்களித்தவரும் அவர். இவ்வளவும் அந்தச் சில நொடிக் காட்சியில் இல்லை.

சீண்டல் ஆட்டத்தின் பகுதியா?

மாட்டராஸி ஜிடேனின் சகோதரியைக் குறித்து இழிவாகப் பேசியதைப் பின்னர் ஒப்புக்கொண்டார். தாயைப் பற்றியோ மதத்தைப் பற்றியோ பேசவில்லை என்பதில் உறுதியாக இருந்தார். இனவெறிச் சொற்களைப் பேசியதாக எழுதிய பிரிட்டிஷ் நாளிதழ்கள் பின்னர் அவருக்கு இழப்பீடு கொடுத்தன. உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபா இருவரையும் தண்டித்தது. ஜிடேனுக்கு மூன்று ஆட்டத் தடையும் 7,500 சுவிஸ் பிராங்க் அபராதமும். மாட்டராஸிக்கு இரண்டு ஆட்டத் தடையும் 5,000 பிராங்க் அபராதமும்.

எதிரியைச் சொல்லால் சீண்டுவது எல்லா ஆட்டங்களிலும் உண்டு. கிரிக்கெட்டில் அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. கபடியில் பாடி வருபவரை உசுப்பிவிட்டுக் கோட்டைத் தாண்டி உள்ளே இழுப்பதும் தந்திரம்தான். இதில் ஓர் எல்லையைக் காண முடியும். எதிரியின் ஆட்டத்தைக் குறித்துச் சொல்லும் கேலி ஆட்டத்துக்குள் அடங்கும். ஆட்டத்தில் இல்லாத ஒரு பெண்ணை இழிவுபடுத்துவது ஆட்டத்தின் எந்தத் திறனோடும் சேராது. திருக்குறள் அடக்கமுடைமை அதிகாரத்தில் நாவைக் காப்பதைத் தனியாக வலியுறுத்துகிறது. அந்த அளவுகோலில் மாட்டராஸி தேறமாட்டார்.

ஆனால் சொல் தவறானது என்பதால் முட்டியது சரி ஆகிவிடாது. சொல்லுக்குப் பதில் சொல்லும் வாய்ப்பு ஜிடேனுக்கு இருந்தது. ஆட்டத்தில் இன்னும் பத்து நிமிடம் மீதம் இருந்தது. அவர் நிதானம் இழந்ததை ஒரு கலைஞனின் துயரமாகப் பேசுபவர்கள், மாட்டராஸியின் கோபத்தை மட்டும் அநாகரிகம் என்கிறார்கள். புகழ்பெற்றவரின் தவறுக்கு ஓர் அளவும் புகழ் குறைந்தவரின் தவறுக்கு வேறோர் அளவும் வைப்பது விமர்சனத்தின் நேர்மையைக் கெடுக்கிறது. 2012-ல் அடேல் அப்தெஸ்ஸெமெட் என்ற சிற்பி அந்த மோதலைப் பெரிய வெண்கலச் சிலையாக வடித்தார். சிலை அந்த நொடியில் உறைந்துவிட்டது. மாட்டராஸியைப் பற்றிய பேச்சும் அங்கேயே உறைந்துவிட்டது.

சென்னையில்

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது சென்னையின் எஃப்சி அணியின் பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் மாட்டராஸி வந்தார். அப்போது அவருக்கு 41 வயது. முழுநேரப் பயிற்சியாளராக இது அவருக்கு முதல் பொறுப்பு. முதல் பருவத்தில் ஏழு ஆட்டங்களில் தானும் களமிறங்கினார்.

அந்த அணியில் பிரான்சைச் சேர்ந்த மிக்கேல் சில்வெஸ்டர் தடுப்பில் ஆடினார். 2006 உலகக் கோப்பையில் பிரான்ஸ் அணியில் இருந்தவர் அவர். பருவத்தின் கடைசிக் கட்டத்தில் ஓய்விலிருந்து திரும்பி நெஸ்டாவும் வந்து சேர்ந்தார். இரண்டு உலகக் கோப்பைகளில் எவருடைய இடத்தை நிரப்பினாரோ அவரே மாட்டராஸியின் பயிற்சியில் ஆட நேரு மைதானத்துக்கு வந்தார். இத்தாலியத் தடுப்பாட்டத்தின் முதல் வரிசைக்காரரும் இரண்டாம் வரிசைக்காரரும் நீலச் சட்டையில் சேர்ந்து நின்றதைச் சென்னை ரசிகர்கள் நேரில் பார்த்தார்கள்.

முதல் பருவத்தில் அணி லீக் பட்டியலில் முதலிடம் பெற்றது. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் 0-3 எனத் தோற்றது. சென்னையில் மூன்று கோல்களையும் அடித்துக் கடனை அடைத்தது. கூடுதல் நேரம் முடிய மூன்று நிமிடம் இருக்கையில் ஸ்டீபன் பியர்சன் அடித்த கோல் சென்னையை வெளியேற்றியது.

2015 பருவம் இதற்கு நேர்மாறாகத் தொடங்கியது. ஒரு கட்டத்தில் எட்டு அணிகளில் கடைசி இடத்தில் இருந்தார்கள். பிறகு கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று அரையிறுதிக்கு வந்தார்கள். அந்த நேரத்தில்தான் சென்னை பெருவெள்ளத்தில் மூழ்கியது. சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதி ஆட்டம் புனேவுக்கு மாற்றப்பட்டது. அங்கே நடப்புச் சாம்பியனான கொல்கத்தாவை 3-0 என வென்றார்கள். மறு ஆட்டத்தில் 1-2 எனத் தோற்றும் மொத்தக் கணக்கில் முன்னேறினார்கள். டிசம்பர் 20 அன்று இறுதி ஆட்டம். எதிரணி ஜிக்கோ பயிற்சியளித்த எஃப்சி கோவா. ஆட்டமும் கோவாவின் சொந்த மைதானத்தில். 87-ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என முன்னே சென்றது. 90-ஆவது நிமிடத்தில் கோவா கோல்காப்பாளர் கட்டிமணி தவறுதலாகப் பந்தைத் தன் வலைக்குள் தட்டினார். அடுத்த சில நிமிடத்தில் ஸ்டிவன் மெண்டோசா அடித்த கோலால் சென்னை 3-2 என வென்றது. 13 கோல்களுடன் அந்தப் பருவத்தின் தங்கக் காலணியும் மெண்டோசாவுக்கே கிடைத்தது.

மைதானத்தில் மாட்டராஸியிடம் இருந்த குணம் அவருடைய அணியிலும் இருந்தது. பின்தங்கியபின் எழுவது அந்தக் குணம். மிசோரமைச் சேர்ந்த ஜேஜே லால்பெக்லுவா இந்தியாவின் முன்னணிக் கோல் அடிப்பவராக வளர்ந்தது இந்தப் பருவங்களில்தான். 2015-ன் வளரும் ஆட்டக்காரர் விருதை அவர் பெற்றார். அடுத்த ஆண்டு அதே விருதைப் பெற்றவர், மாட்டராஸி இடது பக்கத் தடுப்பில் நம்பி இறக்கிய 18 வயது ஜெர்ரி லால்ரின்சுவாலா.

பயிற்சியாளராகக் குறைகள்

2016 பருவத்தில் அணி எட்டில் ஏழாம் இடத்துக்கு இறங்கியது. கடைசி ஆட்டத்தில் கோவாவிடம் 4-5 எனத் தோற்றது. தடுப்பாட்டக்காரர் ஒருவர் பயிற்சியளித்த அணி ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கியது கவனிக்கத்தக்கது. அவருடைய அணிகள் ஆவேசத்தாலும் முன்கள வீரர்களின் திறனாலும் வென்றவை. எலானோ, மெண்டோசா போன்றவர்கள் உச்சத்தில் இருந்தபோது கோல்கள் குவிந்தன. அவர்கள் போனபின் அணியைத் தாங்கும் ஒழுங்கான தடுப்பு முறை எஞ்சவில்லை.

தமிழ்நாட்டு இளைஞர்கள் அணியில் மிகக் குறைவாகவே இடம்பெற்றார்கள் என்பது மற்றொரு குறை. இதற்கு அவரை மட்டும் பொறுப்பாக்க முடியாது. இரண்டு மாதத்தில் முடியும் லீக்கில், களத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம் என்ற விதியின் கீழ், உடனடி வெற்றியைக் கேட்ட அமைப்பு அது. ஊர் ஊராகச் சென்று இளைஞரைத் தேடி வளர்க்கும் நிதானம் அந்த அமைப்பில் இல்லை. திருவண்ணாமலையிலோ செங்கத்திலோ பள்ளி மைதானத்தில் வெறுங்காலோடு ஆடும் சிறுவனுக்கு மாட்டராஸி தொலைக்காட்சியில் தெரிந்த முகம் மட்டுமே.

இருந்தும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 2018 மார்ச்சில் ஜான் கிரிகரி பயிற்சியில் சென்னை இரண்டாம் முறை கோப்பை வென்றது. பெங்களூருவில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தில் 3-2 என்ற வெற்றிக்கான இரண்டு கோல்களை அடித்தவர் பிரேசிலைச் சேர்ந்த தடுப்பாட்டக்காரர் மைல்சன் ஆல்வெஸ். இரண்டும் கார்னர் பந்துகளைத் தலையால் முட்டி அடித்தவை. 2015-ல் மாட்டராஸியின் கோப்பை அணியில் ஆடியவர் அவர்.

மதிப்பீடு

தடுப்பாட்டக்காரர் ஒருவரை எப்படி மதிப்பிடுவது? தவறே செய்யாதவரைத்தான் சிறந்தவர் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த அளவில் நெஸ்டாவும் மால்தீனியும் உயர்ந்தவர்கள். அவர்களோடு மாட்டராஸியை ஒப்பிடத் தேவையில்லை.

இன்னோர் அளவும் உண்டு. தவறு செய்தபின் ஓர் ஆட்டக்காரர் என்ன செய்கிறார் என்பது அது. தடுப்பாட்டக்காரர் தன் தவறின் பலனை உடனே, பலர் பார்க்க, பலகையில் எண்ணாகப் பார்ப்பவர். பலர் அதன்பின் ஒடுங்கிவிடுவார்கள், பந்தைக் கேட்காமல் மறைந்து நிற்பார்கள். பெர்லினில் பெனால்டிக்குக் காரணமானபின் மாட்டராஸி 12 நிமிடத்தில் எதிரணியின் கோல் முன் நின்றார். 2002-ன் பழிக்கு 2006-ல் பதில் சொன்னார். கொச்சியில் வாங்கிய மூன்று கோலை அவருடைய அணி சென்னையில் திருப்பி அடித்தது. கடைசி இடத்திலிருந்து கோப்பை வரை வந்தது. இந்த அளவில் அவர் முதல் வரிசைக்கு உரியவர்.

ஆனால் இந்தத் திறன் பந்தோடு நின்றுவிட்டது. ஆட்டத் தவறுகளை ஆட்டத்தால் சரிசெய்தவர், கையையும் நாவையும் அப்படித் திருத்திக்கொள்ளவில்லை. எவர்டனில் தொடங்கிய சிவப்பு அட்டைகள் உலகக் கோப்பை வரை தொடர்ந்தன. சிரில்லோ நிகழ்ச்சிக்கும் பெர்லின் நிகழ்ச்சிக்கும் இடையே இரண்டு ஆண்டே. அதனால்தான் ஆட்டத்தில் அவர் ஈட்டியதை ஒரு சொல் மறைத்துவிட்டது. அதற்கு உலகத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

அவரைப் பார்த்துக் கற்க விரும்பும் இளம் தடுப்பாட்டக்காரர், பெர்லின் ஆட்டத்தின் 110-ஆவது நிமிடத்தை விட்டுவிட்டு 7-ஆவது நிமிடத்துக்கும் 19-ஆவது நிமிடத்துக்கும் இடைப்பட்ட ஆட்டத்தைப் பார்க்கலாம். தன்னால் அணி பின்தங்கியது என்று அறிந்த ஒருவர் அந்தப் பன்னிரண்டு நிமிடமும் எங்கே நிற்கிறார், எப்படிப் பந்தைக் கேட்கிறார் என்பது அதில் இருக்கிறது.